டிஎஸ்ஆர் கவுந்த கதை: கேம் பப்ளிஷ் பண்ண நினைக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகடை உருட்டி கதை சொல்லி ஆடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம் பேரை கேள்விப்படாத கேமர் கம்மி, ஆனா அதை முதல்ல போட்ட டிஎஸ்ஆர் கம்பெனி 1997ல கடன்ல முங்கி கைமாறுச்சுனு சொன்னா பல பேரு நம்ப மாட்டாங்க. கேம் போணி ஆகாம கவுந்துருந்தா பரவால்ல, நல்லா பேரெடுத்த கேமை கையில வச்சுக்கிட்டே கவுந்தாங்க. அந்த மாதிரி கேமோ, வேற எதுவோ சொந்தமா பிரிண்ட் பண்ணி விக்கலாம்னு இருக்கவங்க இத தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

1973ல அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல லேக் ஜெனீவானு ஒரு சின்ன ஊர்ல கேரி கைகாக்ஸும் அவர் ஃப்ரெண்ட் டான் கேயும் ஆரம்பிச்சதுதான் டிஎஸ்ஆர். அடுத்த வருஷம் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோட முதல் பிரிண்ட் 1000 காப்பிதான். 1975 ஆரம்பத்துல டான் கே திடீர்னு இறந்துட்டாரு, கொஞ்ச காலத்துல பெரும்பான்மை பங்கு காசு போட்ட பிரையன் புளூம் குடும்பத்துக்கிட்ட போயிருச்சு. கேமை உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான கைகாக்ஸ் சொந்த கம்பெனியில சிறுபான்மை பங்குதாரர் ஆயிட்டாரு, இதோட வலி பத்து வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது.

80கள் ஆரம்பத்துல காசு கொட்டுச்சு. உடனே சம்பந்தமே இல்லாம ஒரு எம்பிராய்டரி சாமான் கம்பெனிய வாங்குனாங்க (ஏன்னு கேக்காதீங்க), ஆளுங்கள சேத்துக்கிட்டே போயி அப்புறம் கூட்டம் கூட்டமா வீட்டுக்கு அனுப்புனாங்க. ஹாலிவுட்ல கார்ட்டூன் வேலையா இருந்த கைகாக்ஸ் திரும்பி வந்து 1985ல புது புக்கு போட்டு கம்பெனிய கொஞ்சம் நிமித்துனாரு. அதே வருஷம் புளூம் பிரதர்ஸ் தங்களோட பங்கை கம்பெனி நிர்வாகத்துல இருந்த லொரெய்ன் வில்லியம்ஸுக்கு வித்துட்டாங்க, கைகாக்ஸ் கோர்ட்டுக்கு போயும் தடுக்க முடியல.

ஆனா என்னைய கேட்டா கம்பெனிய கொன்னது இதெல்லாம் இல்ல, ரேண்டம் ஹவுஸ்ங்கிற பெரிய புத்தக கம்பெனி கூட போட்ட டீலை டிஎஸ்ஆர் யூஸ் பண்ண விதம்தான். புக் ஷாப்புக்கெல்லாம் சரக்கு அனுப்புறது ரேண்டம் ஹவுஸ், சரக்கு அவங்க குடோனுக்கு போனதுமே விக்குதோ இல்லையோ ஒரு பங்கு காசு அட்வான்ஸா வந்துரும், ஆனா விக்காதத திருப்பி அனுப்புற உரிமை அவங்களுக்கு உண்டு, அப்போ அந்த காசை இவங்க திருப்பிக் கொடுக்கணும். அதாவது அது வருமானமே இல்ல, கடன். டிஎஸ்ஆர்ல கை கடிக்கும்போதெல்லாம் இன்னும் நாலு புக்கை அடிச்சு அனுப்பி அந்த காசுல பழைய பாக்கிய சமாளிச்சாங்க, சீட்டு எடுத்து சீட்டு கட்டுற கதை. அதனால எத்தன பேரு வாங்குவாங்கங்கிற கேள்வியே தேவையில்லாம போச்சு, எத்தன அனுப்பலாங்கிறது மட்டும்தான் கணக்கு.

இந்த சரக்கு பசிக்கு தீனி போட ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், டார்க் சன், ஸ்பெல்ஜாமர், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட்னு கேம் நடக்குற கதை உலகங்களை பெருக்கிக்கிட்டே போனாங்க. ஒரு உலகத்துல ஆடுறவன் இன்னொரு உலகத்து புக்கை எதுக்கு வாங்கப் போறான்? இருந்த கஸ்டமர்களயே கூறு போட்டுட்டாங்க. சில பாக்ஸ் செட்டை நஷ்டத்துக்கே வித்தாங்கனு பின்னாடி கணக்கு பாத்தவங்க சொன்னாங்க, ஆடுறவங்ககிட்ட என்ன வேணும்னு ஒழுங்கா கேட்டதுக்கு தடயமே இல்லயாம். இதுல இணையத்துல சொந்தமா கதை எழுதி போட்ட ரசிகர்களையும் வக்கீல் வச்சு மிரட்டுனாங்க, கடுப்பான சனம் கம்பெனி பேருல எஸ்ஸுக்கு பதிலா டாலர் குறி போட்டு எழுத ஆரம்பிச்சுது.

1993ல விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்னு இன்னொரு கம்பெனி மேஜிக்னு ஒரு கார்டு கேமை இறக்குனதும், டிஎஸ்ஆரும் அவசரமா ஸ்பெல்ஃபயர்னு ஒரு கார்டு கேமை விட்டாங்க, அப்புறம் டிராகன் டைஸ்னு ஒரு பகடை கேம். டைஸ் முதல்ல நல்லாதான் போச்சு, அத நம்பி மலையா அடிச்சு புக் ஷாப்புக்கு தள்ளுனாங்க. 1996ல ரிட்டர்ன் குவிஞ்சுது, பாக்கி வராததால பிரஸ்காரங்க அடிச்சு தர மாட்டேன்னுட்டாங்க, அடிக்காம சரக்கு இல்ல, சரக்கு இல்லாம அட்வான்ஸ் இல்ல. டிசம்பர்ல ஆள்குறைப்பு, அவங்க போட்டுக்கிட்டிருந்த டிராகன் பத்திரிகையே மாசக்கணக்குல வரல, கடன் 3 கோடி டாலரை தாண்டிருச்சு.

கடைசியில டிஎஸ்ஆரை கிட்டத்தட்ட 2.5 கோடி டாலருக்கு வாங்குனது அதே விசார்ட்ஸ்தான், மேஜிக் சம்பாதிச்ச காசுல. வாங்குனதும் முக்கால்வாசி கதை உலகங்களுக்கு புது புக்கு போடுறத நிறுத்திட்டு, ஆடுறவங்ககிட்ட சர்வே எடுத்து, 2000ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூணாவது எடிஷனை கொண்டு வந்தாங்க.