பழைய தமிழ்க் கோப்புகளை ஏஐ ஏஜென்ட் மூலம் இணைய ஆவணங்களாக மாற்றுவது எப்படி?

சென்னையில் எந்தக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கணினியைத் திறந்தாலும் பல ஆண்டுக் கோப்புகள் குவிந்து கிடக்கும்: வேர்டில் தட்டச்சு செய்த கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், ஸ்கேன் செய்த ரசீதுகள், எக்செல்லில் பராமரிப்புக் கட்டணக் கணக்குகள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, கோட்டூர்புரம், முடிச்சூர் பகுதிகளின் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, இவற்றின் பிரதியை இணையத்தில் வைத்திருக்க வேண்டியதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை. இக்கோப்புகளை ஏஐ ஏஜென்ட் ஒன்றின் துணையோடு கூகுள் டாக்ஸ் ஆவணங்களாக மாற்றும் முறையை, இந்த வேலையை முதன்முறையாகச் செய்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சாட்பாட் நம் கேள்விக்குப் பதில் சொல்லும். ஏஜென்ட் அதற்கு மேலும் சென்று, நாம் காட்டும் ஃபோல்டரைத் திறந்து, கோப்புகளைப் படித்து, தேவையான மென்பொருளை இயக்கி, முடிவைச் சேமித்தும் வைக்கும். கிளாட் கோடு, ஜெமினி சிஎல்ஐ ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. எதைப் பயன்படுத்தினாலும் கீழ்க்கண்ட படிகள் பொருந்தும்.

முதல் படி: பிரதி எடுத்தல்

மாற்ற வேண்டிய கோப்புகளைப் புதிய ஃபோல்டர் ஒன்றில் பிரதி எடுத்து, அதை மட்டும் ஏஜென்டுக்குக் காட்டுங்கள். ஆதார் நகல், கிரயப் பத்திரம், வங்கிப் பாஸ்புக் போன்றவற்றை அதிலிருந்து நீக்கிவிடுங்கள். ஏஜென்ட் படிக்கும் உள்ளடக்கம் பொதுவாக அதை இயக்கும் நிறுவனத்தின் சர்வருக்குச் செல்லும் என்பதால், பிறருடைய அடையாள ஆவணங்களை அவர்கள் அனுமதியின்றி அனுப்புவது முறையல்ல.

இரண்டாம் படி: பட்டியல் கேட்டல்

எடுத்த எடுப்பிலேயே மாற்றச் சொல்லாமல், முதலில் இவ்வாறு எழுதுங்கள்:

"இந்த ஃபோல்டரில் உள்ள எந்தக் கோப்பையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றின் பெயர், வகை, பக்க எண்ணிக்கை, பயன்படுத்தப்பட்ட எழுத்துரு, உள்ளிருப்பது யூனிகோடு தமிழா இல்லையா என்பதைக் குறித்து ஓர் அட்டவணை தரவும்."

இந்த அட்டவணையில் எழுத்துரு இடம்பெறும் பத்தியே மிக முக்கியமானது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். அதற்கு முன்பும், டிடிபி மையங்களில் அதற்குப் பிறகும், வானவில், பாமினி, டாப், டாம் என வெவ்வேறு குறிமுறைகளில் தட்டச்சு செய்தார்கள். அத்தகைய கோப்பில் திரையில் தெரிவது தமிழாக இருந்தாலும், அடியில் சேமிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள்தாம். அந்த எழுத்துரு கூகுள் டாக்ஸில் இல்லாததால், கோப்பை அப்படியே ஏற்றினால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும்.

மூன்றாம் படி: எழுத்து மாற்றம்

இங்கே ஏஜென்டுக்கு ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்: ஏஜென்டை இயக்கும் மொழி மாதிரி அந்தக் குப்பையைப் "படித்துப் புரிந்துகொண்டு" திரும்ப எழுதக் கூடாது, ஒவ்வொரு குறிக்கும் நேரான யூனிகோடு எழுத்தைத் தரும் மாற்று அட்டவணையைக் கொண்டே மாற்ற வேண்டும். மொழி மாதிரி சரளமான வாக்கியத்தை உருவாக்கிவிடும் என்பதால், அதில் ஒரு பெயரோ தொகையோ மாறியிருந்தால் நம் கண்ணுக்குத் தப்பிவிடும். ஓப்பன்-தமிழ் என்னும் பைதான் நிரல்மொழி நூலகத்தில் இத்தகைய மாற்றிகள் பல உள்ளன. அதைப் பயன்படுத்தும்படி கேட்டால் ஏஜென்டே நிறுவிக்கொள்ளும். ஒரே பக்கத்தில் ஆங்கிலச் சொற்களும் இருந்தால், பழைய தமிழ் எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் மாற்றுமாறு குறிப்பிடுங்கள். இல்லையேல் ஆங்கிலமும் சேர்ந்து பொருளற்ற தமிழாகிவிடும்.

மாற்றிய பின் நான் முதலில் தேடிப் பார்ப்பது "செயலர்" என்ற சொல்லைத்தான். பல பழைய எழுத்துருக்களில் புள்ளி வைத்த ரகரத்துக்கும், துணைக்காலின் (ா) மேல் புள்ளி வைத்ததற்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லாததால், தட்டச்சு செய்தவர் எதை அடித்திருந்தாலும் அச்சில் சரியாகவே வந்திருக்கும். யூனிகோடில் அவை வெவ்வேறு. ஆகவே "செயலா்" என்று மாறியிருக்கும் சொல் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் மட்டும் அகப்படாது. துணைக்காலை அடுத்துப் புள்ளி வரும் இடங்களையெல்லாம் ரகர மெய்யாகத் திருத்தும்படி ஏஜென்டிடம் சொன்னால் போதும்.

நான்காம் படி: பிடிஎஃப், ஸ்கேன்

பிடிஎஃப் என்பது எழுத்துகளைப் பக்கத்தில் எந்த இடத்தில் வரைய வேண்டும் என்பதையே முதன்மையாகப் பதிந்து வைக்கும் வடிவம். "கொ" என்னும் எழுத்தில் கொம்பு முன்னால் வரையப்படுவதால், உரையைப் பிரித்தெடுக்கும்போது கொம்பும் ககரமும் இடம் மாறிச் சிதைவதுண்டு. அப்படிச் சிதைந்தால் பக்கத்தைப் படமாக்கி, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் ஓசிஆர் வழியாகப் படிக்கச் செய்வதே நல்லது. டெசராக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் தமிழைப் படிக்கும். கூகுள் டிரைவிலும் இந்த வசதி உண்டு, ஆனால் கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. ஸ்கேன் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள்) அளவில் இருந்தால் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் தப்பாமல் பதியும்.

மங்கிய ரசீதுகளுக்கு இந்த அறிவுறுத்தலைத் தவறாமல் சேருங்கள்: "படிக்க முடியாத இடத்தில் 'தெளிவில்லை' என்று குறிக்கவும். ஊகித்து நிரப்ப வேண்டாம். தொகை, தேதி, வீட்டு எண் ஆகியவற்றைத் தனிப் பட்டியலாகவும் தரவும்." அந்தப் பட்டியலை மூலத்தோடு ஒவ்வொரு வரியாக மனிதர் ஒருவர் ஒப்பிட்டே ஆக வேண்டும். 1,500 ரூபாய் 1,600 ஆனால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர் பொருளாளர்தான்.

ஐந்தாம் படி: ஏற்றுதல்

வகைக்கு ஒன்றாகச் சில கோப்புகளை மட்டும் முதலில் மாற்றிச் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகே முழு ஃபோல்டரையும் ஒப்படையுங்கள். டிரைவுக்கு அனுமதி கேட்கும் திரை வரும்போது, எதையெல்லாம் பார்க்கவும் மாற்றவும் கேட்கிறது என்பதை நிதானமாகப் படியுங்கள். சங்கத்துக்கென்று தனிக் கணக்கு வைத்திருந்தால் சொந்த மின்னஞ்சலும் படங்களும் இதில் சிக்காது. கோப்புப் பெயர்கள் ஆண்டு, மாதம், பொருள் என்ற வரிசையில் அமையட்டும். எக்செல் கோப்புகள் கூகுள் ஷீட்ஸில் பெரும்பாலும் சிக்கலின்றித் திறக்கும். எக்செல்லில் எழுதிவைத்த மேக்ரோக்கள் (தானியங்கிக் கட்டளைகள்) மட்டும் இயங்கமாட்டா.

பகிர்வு அமைப்பை ஏஜென்டிடம் விடாமல் நீங்களே வையுங்கள்: நிர்வாகக் குழுவினரின் மின்னஞ்சல்களை மட்டும் சேர்த்து, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். மூலக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, தரைத்தளத்தில் அல்லாத ஒரு வீட்டில் வைத்திருங்கள்.