டேபிள் சா பிளேடை மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

தேக்கு ரீப்பரை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தேன். ஓரமெல்லாம் கருகி, மொட்டை மாடி முழுக்கப் புகை வாடை. பிளேடு மழுங்கிவிட்டது என்று முடிவுகட்டி, வெயிலோடு பாரிமுனைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். அதுவும் கருக்கியது.

அதனால் காசை எடுப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

அடுத்து பிசின். பிளேடைக் கழற்றிப் பற்களின் பக்கவாட்டைப் பாருங்கள். காய்ந்த வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக ஒட்டியிருக்கிறதா? பேக்கிங் பெட்டி பைன் கட்டை அறுப்பவர்களுக்கு இது சீக்கிரம் சேரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். உடனே துடைத்துக் காயவையுங்கள். கடல் காற்றில் மறுநாளே துரு பூக்கும்.

என்னைக் கவிழ்த்தது மூன்றாவது: ஃபென்ஸ், அதாவது பலகையை ஒட்டிவைத்துத் தள்ளும் பக்கத் தடுப்பு. பலகையின் இரண்டு பக்கமும் கருகினால் பிளேடைச் சந்தேகிக்கலாம். ஃபென்ஸ் ஓரமாக ஓடும் துண்டு மட்டும் கருகினால் அநேகமாக ஃபென்ஸ் கோணல்தான். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, பிளேடைக் கையால் சுற்றி அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து ஃபென்ஸ் வரை அளந்துகொள்ளுங்கள். அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளக்கவும். எனக்குப் பின்னால் 1 மி.மீ. குறைவாக இருந்தது. அந்த இடுக்கில் மரம் நெருங்கி, பின்பற்களில் உரசித்தான் கருகியது. கருகுவதோடு போனால் பரவாயில்லை. இப்படி நெருக்கினால் கட்டை எகிறி வயிற்றில் அடிக்கும். ஃபென்ஸ் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கினேன். பழைய பிளேடே வெண்ணெயாக அறுத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் தள்ளத் தள்ள மோட்டார் திணறுகிறது, ப்ளைவுட்டில் சிராய் பெயர்கிறது என்றால் பற்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூரான விளிம்பில் ஒளி நிற்காது. மழுங்கியதில் வெள்ளைக் கோடாக மின்னும். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, ப்ளைவுட்டில் பசை இருக்கிறது. இரண்டுமே முனையைத் தின்னும்.

பல் நுனியில் பற்றவைத்திருக்கும் கடினமான கார்பைடு முனை ஒன்று பெயர்ந்திருந்தாலும் சரி, தகட்டில் விரிசலோ நெளிவோ தெரிந்தாலும் சரி, யோசிக்காமல் கழற்றிவிடுங்கள்.

நல்ல பிளேடு மழுங்க மட்டும் செய்திருந்தால் சாணை பிடிக்கலாம். ஆனால் கார்பைடுக்கு வைரச் சக்கரம் வேண்டும், தெருவில் கத்திக்குப் பிடிப்பவரிடம் நீட்டாதீர்கள். மலிவு பிளேடுக்குச் சாணைக் கூலி தண்டம்.

வாங்குவதானால் 10 அங்குலத்தில் 40 பல் எடுங்கள், பொதுவேலைக்கு அது போதும். கனமான மரத்தை நீளவாக்கில் அறுக்க 24 பல். 60, 80 எல்லாம் ப்ளைவுட்டுக்கு; அதில் தேக்கை நீளவாக்கில் தள்ளினால் புதுப் பிளேடும் கருக்கும்.

பின்சேர்க்கை: அளவு ஒவ்வொரு தடவையும் மாறுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். முன்னால் ஒரு பல், பின்னால் வேறு பல் என்று அளந்திருக்கிறார். பெரும்பாலான பிளேடுகளில் பல் முனைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், அதனால்தான் மார்க்கர் புள்ளி. இன்னொருவர் 30 மி.மீ. துளை பிளேடை 25.4 மி.மீ. தண்டில் டேப் சுற்றி மாட்டலாமா என்று கேட்டார். கூடாது. அளவான வளையம் கடையிலேயே கிடைக்கும், பிளேடோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.