நீலகிரியில் எச்.ஐ.வி. உள்ள குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை: எந்த மனுவில் எதை எழுத வேண்டும்

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையும், ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையும் அரசு மையத்தில் இலவசம். 2017 முதல், தொற்று உறுதியானால் சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) அளவு எவ்வளவு என்று காத்திராமல் உடனே மாத்திரை தொடங்குகிறார்கள். ஆகவே மருந்துக்குப் பணம் தேட வேண்டியதில்லை. கைக்காசு கரைவது மற்றவற்றில்தான்: பிள்ளையின் பள்ளிச் செலவு, கணவர் இறந்தபின் நின்றுபோன வருமானம், கூடலூரிலிருந்து ஊட்டிக்கு வந்துபோகும் நாளில் போகிற கூலி. இவற்றுக்கு உதவி உண்டு. ஆனால் அது வருவாய்த்துறை, குழந்தைகள் பாதுகாப்பு, எய்ட்ஸ் கட்டுப்பாடு என்று மூன்று துறைகளில் சிதறிக் கிடக்கிறது.

மலையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் ரேஷன் கடைக்காரரும் உங்கள் ஹட்டிக்காரராகவோ (படுகர் ஊர்க்காரர்), லயத்தில் (எஸ்டேட் வரிசை வீடுகள்) யாருக்கோ சொந்தமாகவோ இருப்பார்கள். மனுவில் நோயின் பெயர் இருந்தால், அது தாலுகா ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் திட்டங்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நோயைச் சொல்லாமலே கிடைப்பவை ஒரு பக்கம், சொல்லியே ஆக வேண்டியவை மறுபக்கம். முதல் பக்கத்தை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தொட வேண்டும்.

நோயின் பெயரே தேவைப்படாதவை

கணவரை இழந்தவருக்கு ஆதரவற்ற விதவை உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்ட தொகை இது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாலுகா அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், கணவரின் இறப்புச் சான்று ஆகியவை வேண்டும்.

இந்த இறப்புச் சான்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆஸ்பத்திரியில் மரணக் காரணத்தை எழுதித் தரும் தாள், அதாவது படிவம் 4, வேறு. பிறப்பு இறப்புப் பதிவாளர் தரும் சான்றிதழ் வேறு. பதிவாளர் தரும் சான்றில் மரணக் காரணம் இடம்பெறவே கூடாது என்பது பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆனால் கையில் இருக்கிற தாளையெல்லாம் சேர்த்து ஸ்டேபிள் போட்டுக் கொடுப்பது நம் பழக்கம். ஆஸ்பத்திரித் தாள், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். யாராவது கேட்டால், பதிவாளர் சான்று போதும் என்று சொல்லுங்கள்.

கணவர் விட்டுவிட்டுப் போன பெண்ணுக்கும் உதவித்தொகை உண்டு. ஆனால் 30 வயது ஆகியிருக்க வேண்டும். பிரிந்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தின் பிரிவுச் சான்று வேண்டும். பரிசோதனை முடிவு தெரிந்ததும் புருஷன் போய்விட்ட வீட்டில் 5 ஆண்டு காத்திருப்பது நடக்கிற காரியமில்லை. ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வழக்கில் உங்கள் பெயரை மறைத்துப் புனைபெயரில் நடத்தவும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. முதல் நாளே வக்கீலிடம் இதைக் கேளுங்கள். மனு தாக்கலான பிறகு பெயரை மறைப்பது கஷ்டம்.

பிள்ளைக்கு 4,000 ரூபாய்

இருப்பதில் பெரிய தொகை இதுதான். மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு, குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள். பிறகு ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் தரும்.

தகுதிக் காரணங்கள் பல. தாய் விதவை அல்லது கைவிடப்பட்டவர் என்பது ஒன்று. பெற்றோர் இல்லாமல் பாட்டி, மாமா வீட்டில் வளர்வது ஒன்று. பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் என்பது இன்னொன்று. இதில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். ‘விதவைத் தாய்’ என்ற காரணமே பொருந்துகிறபோது நோயையும் சேர்த்து எழுதினால் மனு பலமாகும் என்று நினைக்காதீர்கள். பலமும் ஆகாது, ரகசியமும் போய்விடும். வேறு எந்தக் காரணமும் பொருந்தாவிட்டால் மட்டும்தான் நோய்க் காரணம் தேவைப்படும். அதற்கான கடிதத்தை எப்படி வாங்குவது என்று பின்னால் வருகிறது.

மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் வருமானத்தில்தான். குடும்ப வருமான வரம்பு கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்தாலே, மாதம் 20 நாள் வேலைக்கு 6,000, ஆண்டுக்கு 72,000 ஆகிவிடும். எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி என்றால் பெரும்பாலும் வரம்பைத் தாண்டிவிடும். தற்காலிகக் கூலி என்றால், உடம்பு முடியாமல் போன நாட்களை யாரும் கழிப்பதில்லை. மாதம் 26 நாள் என்று கணக்குப் போட்டு வருமானச் சான்றில் எழுதிவிடுகிறார்கள். இ-சேவையில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே, எஸ்டேட் ஆபீஸிலோ மேஸ்திரியிடமோ கடந்த ஓராண்டு வேலை நாட்களை எழுதி வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டுங்கள். சான்று வந்தபின் திருத்துவது இரட்டை அலைச்சல்.

நீலகிரியில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தேவர்சோலை, ஓவேலி, நடுவட்டம், கேத்தி போன்றவை பார்வைக்கு முழுக்கத் தேயிலைக் காடாக இருந்தாலும் பேரூராட்சிகள். அங்கே இருப்பவர்களுக்கு 96,000 ரூபாய் வரம்பைத்தான் பார்க்க வேண்டும். மனுவில் முகவரி எழுதும்போது எஸ்டேட் பெயரோடு நிறுத்தாமல் பேரூராட்சியின் பெயரையும் எழுதுங்கள்.

பட்டா இல்லாத நிலத்தில் குடியிருப்பது கூடலூர், பந்தலூர் பக்கம் சகஜம். இந்த உதவிகளுக்குப் பட்டா கேட்பதில்லை. ரேஷன் கார்டும் ஆதாரும் ஒரே முகவரியில் இருந்தால் போதும். லயம் மாறியவர்கள், எஸ்டேட்டை விட்டு வந்தவர்கள் முதலில் ரேஷன் கார்டு முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டு ஆய்வுக்கு வருபவர் பழைய லயத்தில் போய் விசாரித்தால் காரியமும் கெடும், பேச்சும் கிளம்பும்.

தொகை வரத் தொடங்கியபின் பிள்ளை பள்ளியை விட்டு நின்றால் உதவியும் நிற்கும். கணக்கு பிள்ளை பெயரில், காப்பாளரோடு கூட்டாக இருக்கும். அந்தக் கணக்கில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். மைத்துனர் எண்ணைக் கொடுத்துத் திறந்த கணக்கென்றால் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் அவருக்குத்தான் போகும்.

2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. ஒரே பிள்ளைக்கு இரண்டு மனுவும் போடுவதற்கு முன், எது பொருந்தும் என்று அலகில் கேட்டுவிடுங்கள்.

சொல்லித்தான் வாங்க வேண்டியவை

எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளுக்கென்றே தமிழக அரசு 2009இல் 5 கோடி ரூபாய் வைப்புநிதியோடு ஓர் அறக்கட்டளை தொடங்கியது. வட்டியிலிருந்து படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவி. தொற்று உள்ள பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்குத் தொற்று இருந்து பிள்ளைக்கு இல்லாவிட்டாலும் கேட்கலாம். பலர் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். இது வருவாய்த்துறைப் பக்கம் போவதில்லை, ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடமே மனு. பள்ளியிலிருந்து படிப்புச் சான்று வாங்கும்போது ‘வங்கிக் கணக்குக்கு’ என்று சொன்னாலே போதும்.

சிறு, குறு விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருந்தால், காசநோய், புற்றுநோய், எச்.ஐ.வி. போன்ற நோய்க் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தற்காலிக இயலாமை உதவி உண்டு. கேரட், உருளை போடும் குடும்பங்களும் சிறு தேயிலை விவசாயிகளும் அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இது தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மருத்துவச் சான்றோடு போகிற மனு. தெரிந்தவர்கள் நிறைந்த தாலுகா ஆபீஸ் என்றால், அந்த ஆயிரம் ரூபாய்க்கு இது தகுமா என்று யோசித்துத்தான் போட வேண்டும். காசநோயும் சேர்ந்து இருந்தால் அந்தச் சான்றைக் கொடுத்தாலே போதும். காசநோய்ச் சிகிச்சை நடக்கும் மாதங்களுக்கு நி-க்‌ஷய் சத்துணவுத் தொகை மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் தனியாகக் கணக்கில் ஏறும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது.

பிள்ளையின் 4,000 ரூபாய் மனுவுக்கு நோய்க் காரணம் தேவைப்பட்டால், கடிதம் வாங்கும் முறை இது. ஏ.ஆர்.டி. மையத்தில் தரும் பச்சைப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு வைக்கக் கூடாது. பஜார் ஜெராக்ஸ் கடையில் அதைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் ஒரு நிமிடம் போதும், பின்னால் நிற்பவர் படித்துவிடுவார். மைய மருத்துவ அலுவலரிடம், ‘உயிருக்கு ஆபத்தான நோய்க்குத் தொடர் சிகிச்சையில் இருக்கிறார்’ என்று மட்டும் எழுதி, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் பெயருக்கு மூடிய உறையில் கேளுங்கள். உறையின் மேல் துறை முத்திரை வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நீங்கள் எந்த மையத்தில் பதிவோ அந்த மையம்தான் கடிதம் தரும். முகம் தெரியாத இடம் வேண்டும் என்று கோவை அரசு மருத்துவமனையில் பதிந்திருந்தால் கடிதத்துக்கும் அங்கேதான் போக வேண்டும்.

ஊட்டி பிங்கர்போஸ்டில் உள்ள கூடுதல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் வேகமாக நடக்கும் என்பது உண்மை. அந்த மனு ஸ்கேன் ஆகி, கணினியில் ஏறி, பல மேசைகளைத் தாண்டித் திரும்ப உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடமே விசாரணைக்கு வரும் என்பதும் உண்மை. அதில் விண்ணப்ப எண், தேதி, ‘இன்னும் பதில் வரவில்லை’ இவ்வளவு மட்டும் இருக்கட்டும்.

உங்கள் சம்மதம் இல்லாமல் எவரும் உங்கள் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்பது எச்.ஐ.வி. சட்டத்தின் 8ஆம் பிரிவு. பாகுபாடு காட்டுவதிலோ சிகிச்சை தருவதிலோ சட்டம் மீறப்பட்டால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம்; 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். எந்த அதிகாரியிடம் எழுத வேண்டும் என்பதை 1097இல் கேட்டுக்கொள்ளலாம். பெயர் சொல்லத் தேவையில்லை.

கர்ப்பிணியும் கைக்குழந்தையும்

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு எச்.ஐ.வி. பற்றிய கேள்வியே கிடையாது. எல்லாத் தாய்மாரையும் போலக் கர்ப்பத்தைப் பதிந்து எண் வாங்கினால் போதும். குழந்தை பிறந்தபின், அதற்குத் தொற்று வராமல் தடுக்கும் நெவிரபின் சொட்டு மருந்து குறைந்தது 6 வாரம். ஆபத்து அதிகம் என்று மருத்துவர் கருதினால் 12 வாரம். 6ஆவது வாரத் தடுப்பூசிக்குப் போகிற நாளிலேயே நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) குதிகாலில் குத்தி உலர் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடலாம். பிறகு 6, 12, 18 மாதங்களில். 6ஆவது வாரத்தில் தொற்று இல்லை என்று வந்ததும் பரிசோதனையை நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். தாய்ப்பால் கொடுக்கும்வரை கணக்கு முடியவில்லை. 18ஆவது மாதப் பரிசோதனைக்கு முன் எதுவும் இறுதியல்ல.

தாய் இல்லாத வீட்டில் அக்காவோ அண்ணனோ தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டால், 12 வயதுக்கு மேற்பட்ட, பொறுப்புத் தெரிந்த பிள்ளை பள்ளிச் சேர்க்கைக்கும் வங்கிக் கணக்குக்கும் காப்பாளராக இருக்க எச்.ஐ.வி. சட்டத்தின் 32ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வங்கியில் இது தெரிந்திருக்காது. பிரிவு எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது; அக்டோபர், நவம்பரில் குன்னூர் மேட்டுப்பாளையம் பாதை. உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு 3 மாத மாத்திரை சேர்த்துத் தரலாம். மே மாதத் தேதியிலும் செப்டம்பர் தேதியிலும் ஆலோசகரிடம் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை வாங்கும் நாளிலேயே மனு வேலையையும் வைத்துக்கொண்டால் ஒருநாள் கூலி மிச்சம். குழந்தைக்குத் தருவது எடைக்குத் தக்க அளவு என்பதால், அதை மட்டும் 3 மாதத்துக்குச் சேர்த்துக் கேட்பதற்கு முன் எடை பார்த்துவிட்டுக் கேளுங்கள்.