சிபேப் அணிந்து கண் அயரும்போது தொண்டை அடைப்பது போல் இருந்தால்

சிபேப் கருவியை (உறக்கத்தில் மூச்சு தடைப்படுபவர்களுக்கு முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் கருவி) அணிந்து உறக்கத்தில் ஆழும் தறுவாயில் தொண்டை மூடிக்கொள்வது போலவோ உள்ளே ஏதோ படபடப்பது போலவோ தோன்றி விழிப்பு வந்துவிடுகிறதென்றால், முதலில் கருவியின் ராம்ப் நேரத்தை, அதாவது காற்றழுத்தம் குறைவாகத் தொடங்கி மருத்துவர் குறித்த அளவுக்கு மெல்ல உயர எடுக்கும் நேரத்தை, குறைத்துப் பாருங்கள். 45 நிமிடமாக இருந்தால் 10 நிமிடமாக்கலாம். ராம்ப் தொடங்கும்போது பல கருவிகளில் காற்றழுத்தம் 4 சென்டிமீட்டர் நீரளவு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மட்டுமே இருக்கும். நாம் உறங்கத் தொடங்கியதும் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை குறுகுவதால், அதைத் திறந்து வைக்க அந்தக் குறைந்த அழுத்தம் பலருக்குப் போதுவதில்லை. தொடக்க அழுத்தத்தையே உயர்த்த வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். அவர் குறித்துத் தந்த சிகிச்சை அழுத்தத்தை நீங்களாக மாற்றவே கூடாது.

தொண்டை வறண்டு கரகரப்பவர்களுக்கு ராம்ப் நேரத்தைக் குறைப்பது பயன்படாது. அவர்கள் கருவியின் ஈரப்பதத்தை ஒரு படி கூட்டுவதும், வாய்வழியே காற்று கசிகிறதா என்று கவனிப்பதும்தான் சரி. காற்றை விழுங்கி வயிறு உப்புபவர்களுக்கு ராம்ப் நேரத்தைக் குறைப்பது தொல்லையைக் கூட்டவும் கூடும். முகமூடி இல்லாத பகல் வேளையிலும் அடைப்போ விழுங்குவதில் சிரமமோ இருந்தால், காரணம் கருவியன்றி வேறாக இருக்கலாம். தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.