மனநலப் பாடத்தில் மனநோயை அனுபவித்த ஒருவரை ஆசிரியராக அழைப்பது எப்படி?

நோயாளியை மாணவர்கள் முன் அமர்த்திப் பேராசிரியர் அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டும் வழக்கம் மருத்துவக் கல்வியில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. மனநோயோடு வாழ்ந்தவரைக் கற்பிக்க அழைப்பது அதிலிருந்து முற்றிலும் வேறானது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை இங்கே அவரே முடிவு செய்கிறார். இங்கிலாந்தில் 2003இல் தொடங்கிய சமூகப்பணிப் பட்டப்படிப்பில் சேவை பெறுவோரின் பங்கேற்பு கட்டாயமாக்கப்பட்டது. மனநோய் மீதான களங்கத்தைக் குறைக்க, அதனோடு வாழ்ந்தவர்களுடனான நேரடித் தொடர்பே மிகப் பயனுள்ள வழி என்று, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையும் கூறுகிறது. நம் செவிலியர் கல்லூரிகளிலும் சமூகப்பணித் துறைகளிலும் இதைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

சிகிச்சை அளிக்கும் மருத்துவர் வழியாக அழைக்க வேண்டாம். மாதந்தோறும் மருந்துச் சீட்டு எழுதித் தருபவர் கேட்டால், முடியாது என்று சொல்ல எளிதில் வாய் வராது. சென்னையில் ஸ்கார்ஃப், தி பேனியன் போன்ற மனநலத் தொண்டு அமைப்புகளிடம் அறிவிப்பாகக் கொடுத்து, விருப்பமுள்ளவர்கள் தாமாக முன்வரக் காத்திருப்பது நல்லது. நன்றாகக் குணமாகி வேலைக்குப் போகிறவரையே தேடும் ஆசை நமக்கு வரும். ஆனால், இன்னமும் காதில் குரல் கேட்டபடியே குடும்பம் நடத்துகிறவரிடமிருந்து மாணவர்கள் கற்க வேண்டியது அதைவிட அதிகம் என்பது என் கருத்து. பராமரிக்கும் உறவினரை அழைப்பதானால் வேறொரு நாளில் அழையுங்கள். இருவரும் ஒரே மேடையில் இருந்தால் பெரும்பாலும் உறவினரே பேசிமுடிப்பார்.

வகுப்பின் நோக்கத்தை அவரோடு சேர்ந்தே எழுதுங்கள். இரவு மாத்திரையின் மயக்கம் காலையிலும் நீடிக்கக்கூடும் என்பதால் முதல் பாடவேளையைத் தவிர்த்துப் பதினொரு மணிக்குப் பிறகு வையுங்கள். சில மருந்துகள் வாயை உலர்த்தும், கையை நடுங்க வைக்கும்; தண்ணீரும், கையில் பிடிக்கத் தேவையில்லாத மேசை மைக்கும் தயாராக இருக்கட்டும்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படக் கூடாது. மற்ற விருந்தினர் விரிவுரையாளருக்குத் தரும் மதிப்பூதியமே இவருக்கும் உரியது. பொன்னாடையும் நினைவுப் பரிசும் அதற்கு ஈடாகா. கணக்குப் பிரிவின் படிவத்தில் ‘கல்வித் தகுதி’ என்று ஒரு கட்டம் இருக்குமானால், நோயினால் படிப்பு பாதியில் நின்றவருக்கு அங்கேயே தொகை குறைந்துவிடும். ஆகவே, துறைத் தலைவரின் எழுத்துபூர்வ ஒப்புதலை முன்கூட்டியே பெற்றுவிட வேண்டும். ஆட்டோ, பேருந்துச் செலவை அன்றைக்கே ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநோய் உள்ளவருடைய தகவல்களின் இரகசியத்தை அவருடைய உரிமையாக்குகிறது. மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தை அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தருவதை 24ஆம் பிரிவு தடுக்கிறது. கல்லூரி இதைவிடவும் கண்டிப்பாக இருக்கலாம். அழைப்பிதழில் பெயர் போடலாமா என்று கேட்டுக்கொண்டு, கைபேசிப் பதிவை வகுப்பில் முழுவதுமாகத் தடை செய்யுங்கள். இன்று சம்மதித்தவர், மகளுக்கு வரன் பார்க்கும் காலத்தில் மனம் மாறலாம். யூடியூபில் ஏறி ஊரெல்லாம் பரவிய காணொளியைத் திரும்பப் பெற வழியில்லை.

கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கி, வகுப்புக்கு முன்பே அவரிடம் கொடுத்தால் வேண்டாதவற்றை அவரே ஒதுக்கிவிடுவார். தற்கொலைக்கு முயன்ற விதத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் ஆசிரியரே நீக்கிவிட வேண்டும். நடுவில் நிறுத்த விரும்பினால் காட்ட வேண்டிய சைகையையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் மாணவர்களிலும் இதே துன்பத்தை மறைத்து வாழ்பவர் இருக்கக்கூடும் என்பதால், கல்லூரி ஆலோசகர் அன்று வளாகத்தில் இருப்பதும், டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416 கரும்பலகையில் இருப்பதும் அவசியம்.

மறுநாள் அவரைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரியுங்கள். அவருக்கு விருப்பமிருந்தால், அடுத்த பருவத்தில் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் இடும் பொறுப்பையும் கொடுங்கள். மாதிரி நேர்காணலில் மாணவி நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினாரா, அல்லது எல்லாவற்றையும் கூட வந்த அண்ணனிடமே கேட்டாரா என்பதை நம்மைவிட அவர் விரைவாகக் கண்டுகொள்வார்.