பில்லின் அடிவரியைப் பார்த்துட்டு டிப்ஸ் சொல்லுங்க

இங்கே தென்னாப்பிரிக்காவுல, டர்பனுக்கு வர்ற சொந்தக்காரங்களைப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போறப்போ நான் முதல்ல சொல்றது இதுதான்: மெனு விலையிலேயே 15 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும். டிப்ஸ் அடங்காது. இங்கே வழக்கம் 10 முதல் 15 சதவீதம். பரிமாறுறவங்க பலரும் அதை நம்பித்தான் இருக்காங்க, கையைச் சுருக்காதீங்க.

ஆனா எட்டுப் பத்துப் பேராப் போனா, பல இடங்கள்ல டிப்ஸுக்குப் பதிலா சேவைக் கட்டணத்தை அவங்களே பில்லுல சேர்த்துடுவாங்க. போன பொங்கலுக்கு டர்பன் பக்கத்துல உம்லாங்காவில் ஒரு ஓட்டல்ல சாப்பாடு 2,400 ராண்டு. அடியில பொடி எழுத்துல இன்னொரு 240. நான் பார்க்கலை. கார்டு மெஷின் மேஜைக்கு வந்ததும் பெருமையா, "300 சேர்த்து அடிங்க"ன்னுட்டேன். வீட்டுக்கு வந்து மச்சினி ரசீதைப் படிச்சுக் காட்டிச் சிரிச்சா! மெஷின்ல பின் நம்பர் போடுறதுக்கு முன்னாடியே டிப்ஸ் தொகையைச் சொல்லணும், அதனால அதுக்குள்ள படிச்சிடுங்க.

உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா"ன்னு கேட்பாங்க, அதாவது சாதாத் தண்ணியா, சோடா மாதிரி வாயு ஏத்தின தண்ணியான்னு. ரெண்டுமே காசு பாட்டில். குழாய்த் தண்ணி போதும்னா கூச்சப்படாம கேளுங்க. சொந்த ஒயின் பாட்டில் கொண்டுபோகப் பல இடங்கள்ல விடுவாங்க, ஆனா திறந்து ஊத்த 'கார்க்கேஜ்' கட்டணம் உண்டு. மேஜை பதிவு பண்றப்பவே எவ்வளவுன்னு கேட்டுடுங்க.