எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு முன்னால்: சேலம், ஏற்காடு பெற்றோருக்கு

குழந்தையை முதன்முதலாகப் பள்ளியில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் எழுதும் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை அப்படியே போய்ச் சேரும். அங்கிருந்து பாஸ்போர்ட், வேலை, பென்ஷன் என்று தொடரும். அதனால் எந்தப் பள்ளி என்று அலைவதற்கு முன்னால் பேப்பரைச் சரிசெய்யுங்கள். நல்ல பள்ளியை அடுத்த வருடம்கூடத் தேடிக்கொள்ளலாம். தப்பாக ஏறிய பிறந்த தேதியைத் திருத்துவது அப்படியல்ல, அதற்கு வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்ததும் இந்த வேலையைத் தொடங்கினால் அவசரமில்லாமல் முடியும்.

முதல் படி: பிறப்புச் சான்று

பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். நீங்கள் குடியிருக்கும் ஊரில் பதிவாகாது. ஏற்காடு நாகலூரில் வீடு, பிரசவம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் என்றால், சான்றை ஏற்காட்டில் தேடிப் பயனில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போய் நாமக்கல்லிலோ தர்மபுரியிலோ பிறந்த குழந்தைகளுக்கும் இதே கதைதான்.

சான்று கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெயர் இருக்கிற இடத்தைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பதியும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம், அந்த இடம் காலியாகவே இருக்கும். ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றுதான் என்று சட்டத்திருத்தம் வந்துவிட்டது. 2027 ஜூனில் எல்.கே.ஜி. சேரப்போகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில் வருவார்கள். (பிறப்புச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு குழந்தையைப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பிச் சான்றைத் தள்ளிப்போட வேண்டாம்.)

இரண்டாம் படி: ஒரே எழுத்து, எல்லா இடத்திலும்

அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். யாழினி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றில் ஆங்கிலத்தில் ‘ஒய் ஏ இசட் எச்’ என்று தொடங்கும். ஆதார் மையத்தில் ‘இசட் எச்’ போய் ‘எல்’ வந்துவிடும். ஆதாரில் தமிழ்ப் பெயரை மென்பொருள் ஆங்கிலத்திலிருந்து தானாக மாற்றிப் போடும், அதில் யாழினி ‘யலினி’ ஆகிவிடும். ஆபரேட்டர் திரையைக் காட்டும்போது ஆங்கில வரியை மட்டும் பார்த்துத் தலையாட்டாமல் தமிழ் வரியையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்ததும் அங்கேயே நின்று இன்னொரு முறை படியுங்கள். மையத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் அது திருத்த விண்ணப்பமாகிவிடும்.

இனிஷியலும் இதே மாதிரிதான். முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா, அப்பா பெயரை முழுதாக எழுதுவதா என்று வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் எழுதி, போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி யார் எந்த ஃபாரம் நிரப்பினாலும் அந்தப் படத்தைப் பார்த்தே எழுத வேண்டும். தாத்தா பள்ளிக்குப் போனால் ஒரு மாதிரி, மாமா போனால் இன்னொரு மாதிரி என்று ஆவது இதனால் நிற்கும்.

ஐந்து வயதுக்குள் எடுக்கும் ஆதாரில் கைரேகை, கருவிழி எதுவும் இருக்காது. ஐந்து முடிந்ததும் இரண்டையும் பதிய வேண்டும். ஏழு வயதுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. ஒன்றாம் வகுப்புக்குப் போகும் கோடை விடுமுறையிலேயே இதை முடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஜாதிச் சான்று, வருமானச் சான்று

இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். குழந்தையின் போட்டோ, பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, அப்பா அல்லது அம்மாவின் ஜாதிச் சான்று ஆகியவற்றின் ஒரிஜினலையே கொண்டுபோங்கள். ஜெராக்ஸை மறுபடி ஸ்கேன் செய்தால் முத்திரை தெரியாது, விண்ணப்பம் திரும்பிவிடும்.

சேலம் நகரில் இன்னொரு கவனமும் தேவை. சேலம், சேலம் மேற்கு, சேலம் தெற்கு என்று வட்டங்கள் தனித்தனி. பக்கத்துத் தெரு வேறு வட்டத்தில் இருக்கலாம். உங்கள் ஏரியா எந்த வட்டம், எந்த வி.ஏ.ஓ. என்று கேட்டுத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். தப்பான அலுவலகத்துக்குப் போன விண்ணப்பம் அங்கே கிடந்து, கடைசியில் நிராகரிப்பு என்று வரும்.

சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளி மக்களுக்குப் பழங்குடியினர் சான்று தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். கீழே வி.ஏ.ஓ. விசாரணையில் தொடங்கி மேலே போக நாளாகும். பெற்றோர் இருவர் பெயரிலும் பழைய சான்று இருந்தால் இரண்டையும் இணையுங்கள். சேர்க்கைக்கு முந்தைய வருடமே விண்ணப்பித்துவிடுவது நல்லது. மே மாதத்தில் ஓடினால் ஜூனுக்குள் கைக்கு வராது.

வருமானச் சான்றை மட்டும் முன்கூட்டியே எடுக்காதீர்கள். அது ஒரு வருடம்தான் செல்லும்.

நான்காம் படி: வயதுக் கணக்கு

கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் (விவரம் ஐந்தாம் படியில்) எல்.கே.ஜி. சேர ஜூலை 31-இல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து. இந்தக் கணக்குப்படி 2026-27 எல்.கே.ஜி.க்கு 1.8.2022 முதல் 31.7.2023 வரை பிறந்தவர்கள் வருவார்கள். 2.8.2023 அன்று பிறந்த குழந்தை இரண்டே நாள் வித்தியாசத்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மனசு கேட்காதுதான். ஆனாலும் தேதியை ‘அட்ஜஸ்ட்’ செய்யலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31-இல் ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். அங்கே முயற்சி செய்கிறவர்கள் இந்த ஒரு வருட வித்தியாசத்தை எல்.கே.ஜி. போடும்போதே கணக்கில் வையுங்கள். விஜயதசமியன்று நெல்லில் எழுத வைத்துச் சேர்ப்பது நல்ல வழக்கம். அன்று சேரும் குழந்தையைப் பதிவேட்டில் எந்த வகுப்பில் ஏற்றுகிறார்கள், வருகிற ஜூனில் எந்த வகுப்புக்குப் போகும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: 25 சதவீத ஒதுக்கீடு

சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டுக்கு. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்கள் ஜாதிச் சான்று வைத்து விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்ற சான்று வைக்க வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகள், ஆதரவற்ற குழந்தைகள், துப்புரவுத் தொழிலாளர்களின் குழந்தைகள் போன்றோருக்குக் குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை உண்டு. சேர்ந்தால் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக் கட்டணம் அரசுடையது. வேன் கட்டணம் இதில் வராது.

விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். வழக்கமாக ஏப்ரல் கடைசி வாரங்களில் திறந்து மே மூன்றாம் வாரத்தில் மூடும். 2025-இல் நிதிச் சிக்கலால் அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதனால் தேதியை நம்பாமல் அறிவிப்பைப் பாருங்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

பலருக்கு இங்கே வாய்ப்புப் போவது வீட்டு முகவரியால். வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்குத்தான் இந்த இடம். கிச்சிப்பாளையத்திலிருந்து அழகாபுரத்துக்கு வீடு மாறியும் ஆதாரில் பழைய முகவரி இருந்தால், நடந்து போகும் தூரத்தில் இருக்கிற பள்ளி உங்களுக்கு வராது. ஜனவரிக்குள் முகவரியை மாற்றிவிடுங்கள். வரைபடத்தில் வீட்டைக் குறிக்கும்போது தெருமுனையில் அல்லாமல் சரியாக வீட்டின் மேல் புள்ளி வையுங்கள்.

சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்துவிட்டது. வீட்டுப் பக்கத்துப் பள்ளி பட்டியலில் இல்லையென்றால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மலைக்கிராமங்களில் 1 கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் அரசுப் பள்ளிதான் இருக்கும்.

ஆறாம் படி: பள்ளியை நேரில் பார்ப்பது

தனியார் பள்ளி என்றால் காலை எட்டரைக்கு ஒருமுறை அந்த வழியில் போய்ப் பாருங்கள். ஐந்து ரோட்டையும் நாலு ரோட்டையும் அந்த நேரத்தில் தாண்டிப் போவதென்றால் மூன்று வயதுக் குழந்தைக்கு வேனிலேயே பாதிச் சக்தி போய்விடும். மலையில் வேன் வளைவுகளில் ஏறி இறங்க வேண்டும், சில குழந்தைகளுக்கு வாந்தி வரும். ஏறும் இடத்திலிருந்து பள்ளி வரை எத்தனை நிமிடம் என்று பள்ளியிடம் கேட்காமல் டிரைவரிடம் கேளுங்கள்.

கட்டணத்தை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க அரசுக் குழு இருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். நன்கொடை வாங்குவதும், குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, இன்டர்வியூ வைப்பதும் சட்டப்படி குற்றம். வடிகட்டித் தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000 வரை. அதனால் குழந்தைக்கு ஏ, பி, சி மனப்பாடம் செய்ய வைத்துப் படுத்தாதீர்கள். தன் பெயரைச் சொல்லவும், ‘டீச்சர், பாத்ரூம் போகணும்’ என்று கேட்கவும், டிபன் பாக்ஸ் மூடியைத் தானே திறக்கவும் பழக்கினால் போதும். ரொம்ப இறுக்கமான மூடியாக வாங்காதீர்கள்.

அரசுப் பள்ளியைப் பார்க்காமலே ஒதுக்குவது தவறு. ஒன்றாம் வகுப்பிலிருந்து காலை உணவு, மதிய உணவு, பாடநூல், சீருடை எல்லாம் உண்டு. பல இடங்களில் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது. சில நடுநிலைப் பள்ளி வளாகங்களில் எல்.கே.ஜி.யும் நடக்கிறது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை குழந்தைகள், எத்தனை ஆசிரியர்கள்? 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு. அப்படியானால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருவரே நடத்துவார்கள். அந்த ஆசிரியர்களை ஒரு வகுப்பு நேரத்தில் பாருங்கள், முடிவு உங்களுக்கே தெரிந்துவிடும். எஸ்டேட் வேலைக்காக இடம் மாறும் குடும்பங்களுக்கு அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியும் ஒரு வழி. ஆனால் ஐந்து வயதில் விடுதி என்பதை நன்றாக யோசித்துச் செய்யுங்கள்.

ஏழாம் படி: விண்ணப்பத்தை நிரப்புவது

முதலில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதில் பென்சிலால் நிரப்புங்கள். பிறந்த தேதியை எண்ணிலும் எழுத்திலும் கேட்பார்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். தாய்மொழி என்ற இடத்தில் வீட்டில் பேசுவதை எழுதுங்கள். குகையிலும் அம்மாபேட்டையிலும் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் தயங்கித் ‘தமிழ்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது தேவையில்லை.

அங்க அடையாளம் இரண்டு கேட்பார்கள். அவசரத்தில் போன மாதம் விழுந்த முட்டித் தழும்பை எழுதிவிடுவார்கள், அது ஒரு வருடத்தில் மறைந்துவிடும். பகல் வெளிச்சத்தில் குழந்தையை உட்கார வைத்து முகம், கழுத்து, முன்கை என்று மச்சத்தைத் தேடுங்கள். ‘வலது முழங்கைக்குக் கீழே ஒரு கறுப்பு மச்சம்’ என்று இடத்தோடு எழுதுங்கள்.

ஒரிஜினல் எதையும் பள்ளியில் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு ஜெராக்ஸ் கொடுத்தால் போதும். சேர்ந்த சில வாரங்களில் பள்ளி, எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் விவரங்களை ஏற்றும். வகுப்பு ஆசிரியரிடம் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேட்டு, போனில் இருக்கும் படத்தோடு பெயரையும் தேதியையும் ஒப்பிடுங்கள். ஜூலையில் பிழை தெரிந்தால் ஆசிரியரே திருத்திவிடுவார். சேர்க்கையில் பள்ளி தவறாக நடந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், அல்லது 14417 என்ற கல்வி உதவி எண்ணில் பேசுங்கள்.